ராஜா ஒரு தடவை தாவலாம்

முதல் நாள் - டிசம்பர் 25, வியாழன், கும்பகோணம்

ஜனசதாப்தி கோவையை விட்டபோது ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கரூரில் கழற்றினேன். திருச்சி தாண்டியதும் சன்னலுக்கு வெளியே பச்சை தொடங்கியது, கும்பகோணம் வரை விடவே இல்லை. சம்பாப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. நான் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கைப்பேசியில் லண்டன் சிஸ்டம் என்ற செஸ் தொடக்கத்தின் நகர்த்தல் வரிசைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு 47 வயது. பம்புசெட் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே எனக்குப் போட்டிருக்கும் ரேட்டிங் 1643. இதில் ஒரு கூத்து உண்டு. 2024 மார்ச்சில், 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் ஃபிடே ஒரு கணக்குப் போட்டு ரேட்டிங்கை ஏற்றிவிட்டது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு. அதுவரை 1312 வைத்திருந்த நான் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1587 ஆனேன். நானே சம்பாதித்தது அதற்கு மேலே இருக்கும் 56 புள்ளிதான். இந்த டூர்னமெண்டில் அதை வைத்து 1700-ஐ எட்டிவிடுவது என்று வந்திருக்கிறேன். ஐந்து நாள், ஒன்பது ரவுண்டு.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஆட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். அரையாண்டு விடுமுறை என்பதால் முக்கால்வாசி குழந்தைகள். வெளியே சாமியானாவுக்குக் கீழே அம்மாக்கள், தயிர்சாத டப்பாக்கள், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கனவு. குகேஷ் சிங்கப்பூரில் ஜெயித்த பிறகு அந்தக் கனவுக்கு விலாசமும் கிடைத்துவிட்டது.

முதல் ரவுண்டில் என் எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஒரு பாப்பாவை உட்கார வைத்தார்கள். ஒன்பது வயது இருக்கும். ரேட்டிங் 1450. நான் யோசிக்கும்போது அவள் காலை ஆட்டினாள், தன் முறை வந்ததும் நிறுத்தினாள். 34-ஆவது நகர்த்தலில் அவளுடைய குதிரை என் ராஜாவையும் யானையையும் ஒரே இடத்திலிருந்து பிடித்தது. கை கொடுத்தேன். 'தேங்க்யூ அங்கிள்' என்றாள்.

எனக்கு 15 புள்ளி போனது. சிறுவர்களுக்குக் கணக்குப் பெருக்கம் இரட்டிப்பு என்பதால் அவளுக்கு 30 வந்தது. இந்தக் குழந்தைகள் தினம் மூன்று மணி நேரம் ஆன்லைனில் பழகுகிறார்கள். ரேட்டிங் பட்டியல் அவர்களைப் பின்னால் ஓடித்தான் பிடிக்கிறது. இதெல்லாம் தெரிந்த சமாதானம்தான். இருந்தாலும் ராத்திரி பரோட்டா இறங்கவில்லை.

இரண்டாம் நாள் - வெள்ளி

மார்கழி. நாலரை மணிக்கே ஏதோ கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிட்டது. வாசலெல்லாம் கோலம், நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப்பூ. இட்லிக்குக் கடப்பா கொடுத்தார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட இந்த ஊர்ப் பண்டம் கோவையில் கிடைக்காது. இன்றைய நாளில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது ரவுண்டு, 1520-உடன் டிரா. ஜெயித்திருக்க வேண்டியது.

மூன்றாவது ரவுண்டைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது. ஆளுக்கு ஒரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய் அதிகம். இதை டிரா செய்யும் வழியை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் சொல்லிவிட்டார். எதிராளியின் ராஜா உள்ளே வராதபடி யானையை நம் பக்கத்து மூன்றாவது வரிசையில் நிறுத்த வேண்டும். சும்மா இடமும் வலமும் நடக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் தெருவில் நாலு பசங்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடிகாரத்தில் நேரம் தீர்ந்து, நகர்த்தலுக்கு முப்பது விநாடி என்று ஓடிக்கொண்டிருந்தபோது, சிப்பாய் வருவதற்கு முன்பே யானையை இறக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. கை போனது.

சிங்கப்பூரில் கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் யானையை நகர்த்தியதும், எதிரே குகேஷின் முகம் மாறியதும் எல்லோரும் பார்த்ததுதான். உலகச் சாம்பியனுக்கே அப்படி என்றால், என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அந்த ஆறுதல் நகரவில்லை. அவர் பதின்மூன்று ஆட்டம் சமமாக நின்று களைத்த மனிதர். நான் காலையில் ஒரு டிரா செய்துவிட்டு வந்தவன்.

மொத்தம் 30 புள்ளி நஷ்டம். சொந்தச் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல்.

மூன்றாம் நாள் - சனி

முதல் வெற்றி! 11-ஆவது நகர்த்தலிலேயே! எப்படி என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன். எதிரில் இருந்த பெரியவரின் சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. அவர் பேத்தியாம். விதி விதிதான், நடுவர் வந்து ஆட்டத்தை எனக்குக் கொடுத்தார். பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது, 'வாங்க சார், வெளியே போய் மிச்சத்தை ஆடலாம்' என்று அவர் கூப்பிட்டார். நான் போகவில்லை. புள்ளி வந்துவிட்டதே என்ற எண்ணம். இப்போது எழுதும்போது அது உறுத்துகிறது.

மிச்ச நேரத்தில் தாராசுரம் போனேன். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். காளையும் யானையும் ஒரே தலையில் சேரும் அந்தச் சின்னப் புடைப்புச் சிற்பத்தைத் தேடிப் பிடித்தேன். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை, மறு பக்கத்தை மறைத்தால் யானை. பத்து நிமிஷம் மறைத்து மறைத்துப் பார்த்தேன். பின்னால் ஒரு குடும்பம் செல்ஃபிக்குக் காத்திருந்தது.

மத்தியானம் ஐந்தாவது ரவுண்டு. என் ராஜா, யானையோடு ஒரே நகர்த்தலில் இடம் பெயரும் காஸ்லிங்கைச் செய்து பத்திரமாக உட்கார்ந்திருந்தான். எதிரில் பதின்மூன்று வயதுப் பையன். பிஷப்பைக் கொண்டுவந்து ராஜாவுக்கு முன்னால் இருந்த ஹெச்7 சிப்பாயை வெட்டினான். பிஷப் பலி. ராஜா அதை வெட்டினால் குதிரை ஒரு செக், அடுத்து ராணி வந்து நிற்கும். கிரேக்கோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த பலி. பயிற்சி வகுப்பில் முதல் மாதமே கற்றுத் தருவார்கள். 22 நகர்த்தலில் முடிந்தது. காளை மட்டும் என் கண்ணில் பட்டது, அவனுக்கு யானையும் தெரிந்தது.

கையெழுத்துப் போட்ட பிறகு அவன் காய்களையெல்லாம் திரும்ப முதலிடத்தில் அடுக்கினான், குதிரைகள் முன்னால் பார்க்கிற மாதிரி. உலகப் பட்டம் ஜெயித்த நிமிஷத்திலும் குகேஷ் காய்களை அடுக்கியதைப் பார்த்திருக்கிறான் போல. இந்த மண்டபத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நடுவரிடம் போய், பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'வித்ட்ரா வேணாம் சார். காலைல ஆறாவது ரவுண்டுக்கு மட்டும் 'பை', அதாவது லீவு, எடுத்துக்கங்க. புள்ளி கிடையாது. எங்கயாச்சும் போயிட்டு வாங்க.' எங்கே போவது என்றேன். 'பூவனூர் போங்களேன். நம்ம ஆள் ஒருத்தர் அங்க இருக்கார்.'

நான்காம் நாள் - ஞாயிறு

மன்னார்குடி பஸ். வலங்கைமான், நீடாமங்கலம், அதற்கப்புறம் சில கிலோமீட்டரில் பூவனூர். தூறல். வயலில் கொக்குகள். சதுரங்க வல்லபநாதர் என்று ஒரு சிவன் இருப்பது இத்தனை வருஷம் செஸ் ஆடியும் எனக்குத் தெரியாது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதுதான் பேப்பரில் படித்தேன். அப்பர் தேவாரம் பாடிய தலம். என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது செஸ் கோயில்.

கதை இது. தென்பாண்டி நாட்டு மன்னர் வசுதேவனுக்குக் குழந்தை இல்லை. தாமிரபரணியில் நீராடும்போது ஒரு சங்கு கிடைக்கிறது; அது குழந்தையாகிறது. ராஜராஜேஸ்வரி என்று பெயர். வளர்ப்புத் தாய் சாமுண்டி. பெண் சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாதவளாக வளர்கிறாள். அவளை ஜெயிப்பவனுக்கே கல்யாணம் என்கிறார் அப்பா. ஒருவனும் ஜெயிக்கவில்லை. கவலையோடு தலயாத்திரை கிளம்புகிறார்கள். பூவனூரில் ஒரு கிழட்டுச் சித்தர் வந்து, ஒரு ஆட்டம் போடலாமா என்கிறார். அவள் தோற்கிறாள். சித்தர் சிவன்.

ராஜராஜேஸ்வரி சந்நிதி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எத்தனை ஆட்டம் ஜெயித்தாளோ, அதில் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. தோற்ற ஒன்றுக்குத்தான் கோயில். பக்கத்தில் ஒரு அம்மா பையன் கையில் விபூதி வாங்கிக் கொடுத்து, 'ஸ்டேட் செலக்‌ஷன்னு சொல்லிக் கும்பிடு' என்றாள். பையன் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளே எதுவும் மாறவில்லை. எதற்காக இத்தனை பணத்தைக் கட்டி அடி வாங்குகிறேன் என்ற கணக்கோடுதான் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தஞ்சாவூர்-நாகப்பட்டினம் சாலையும் கும்பகோணம்-மன்னார்குடி சாலையும் வந்து சேரும் ஊரில் ஒரு ரயில்வே கேட். நெல் ஏற்றிய சரக்கு ரயில், எஞ்சினைக் கழற்றி மாட்டும் ரயில் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கு இறங்கினார். அதிலேயே தெரிந்தது, சீக்கிரம் நடக்காது என்று.

பையிலிருந்த காந்தச் செட்டை எடுத்து மடியில் விரித்தேன், நேற்றைய தோல்வியைத் திரும்பப் பார்க்க. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். காலடியில் வெற்றிலைக் கட்டு, ஈரத்துணி சுற்றியது.

'சதுரங்கந்தானே தம்பி?'

'ஆமாங்க ஐயா.'

'ஆடுவோமா?'

சித்தர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை. நான் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தேன். அவர் அதை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தார். 'ஒண்ணுதான் போகும்.' ராணி என்றேன். 'ராணி ஏது சண்டையில? மந்திரி.' பிஷப்பைத் தொட்டு, 'இவன் கோணல்ல போறவன்' என்றார், பெயர் சொல்லவில்லை. சிப்பாய் கடைசிக் கட்டம் போனால் எந்தப் பத்தியில் ஏறுகிறதோ அந்தக் காய்தான் கிடைக்கும்: யானைக் கட்டமென்றால் யானை, குதிரைக் கட்டமென்றால் குதிரை. காஸ்லிங் செய்து காட்டினேன். அவர் அதிர்ந்துபோனார்.

'ரெண்டு காயை ஒரே நேரத்துல நகட்டறதா? அது அழுகுணி ஆட்டமில்ல?'

முன் சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்தார். கண்டக்டரும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லண்டன் சிஸ்டம் இங்கே எதற்கும் ஆகவில்லை. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஊரும்போது அந்த வரிசைகள் எல்லாம் குலைந்துவிடுகின்றன. ஒவ்வொரு நகர்த்தலையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. கடிகாரமும் இல்லை, யாருக்கும் அவசரமும் இல்லை. ரயிலுக்கே இல்லை.

மெல்ல மெல்ல அவருடைய ராஜாவைச் சுற்றி வளைத்தேன். அடுத்த நகர்த்தலில் மேட். மனதுக்குள் ஒரு சின்னத் துள்ளல்கூட வந்தது. அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, ராஜாவை எடுத்து, குதிரை மாதிரி தாவி வெளியே வைத்தார்.

'ஐயா!'

'என்னய்யா? செக் வாங்காத ராஜா ஒரு தடவை தாவலாம்ல?'

அந்த இடத்தில்தான் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோடா மூடியும் வைத்து அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த ஆட்டத்தைத்தான். இதே தாவல். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து செஸ் புத்தகம் வாங்கியதும், தாத்தாவுக்கு விதி தெரியாது என்று முடிவு கட்டியவன் நான். அவர் சொன்னது தப்பில்லை; அதுவும் ஒரு விதிதான், பழைய விதி. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பழைய விதியில் ஆடி வளர்ந்த மிர் சுல்தான் கான் லண்டனுக்குப் போய்ப் புது விதிகளைப் பழகி, 1929, 1932, 1933 என்று மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல்தான் வந்தது. அப்போது அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு தாவலில் என் முற்றுகை முழுக்க வெட்டவெளியாகிவிட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்டக்டரும் சிரித்தார். எப்படி இதைப் பார்க்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று நாளில் எத்தனையோ தடவை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்; சிரித்துக்கொண்டு கேட்டது இதுதான் முதல் தடவை.

கேட் திறந்தது. பஸ் குலுங்கினாலும் காந்தக் காய்கள் நகரவில்லை. ஆடிக்கொண்டே வந்தோம். வலங்கைமானில் வெடிக்கடைகள் தெரிந்ததும் அவர் வெற்றிலைக் கட்டைத் தூக்கினார். ஆட்டம் முடியவில்லை. அவருக்கு இரண்டு சிப்பாய் அதிகம், என் மந்திரி மட்டும் நல்ல இடத்தில். அவர் நகர்த்தல்.

'பாக்கி இருக்கட்டும்' என்று இறங்கிப் போனார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஏழாவது ரவுண்டு. எதிரில் ஒரு கல்லூரி மாணவர். கல்லூரி நாளோடு விட்டுவிட்ட ராஜா கேம்பிட் என்ற பழைய தொடக்கத்தை வைத்தேன். நாலாவது நகர்த்தலில் அவருடைய சிப்பாய் என் குதிரையை விரட்டியது. குதிரையை அப்படியே விட்டுவிட்டு காஸ்லிங் செய்தேன். முசியோ கேம்பிட். ஒரு குதிரையை இனாமாகக் கொடுத்துவிட்டு ராஜா வீட்டுக் கதவை உடைக்கும் விளையாட்டு. கணினி இதை மதிக்காது. அந்தத் தம்பி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி. எவ்வளவு வருஷமாயிற்று!

தோற்றுவிட்டேன். 41 நகர்த்தல். ஆனால் அதற்கப்புறம் வேப்பமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஆட்டத்தைக் குடைந்தோம். 19-ஆவது நகர்த்தலில் என்னிடம் வெற்றி இருந்தது, யானையையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தது அவர். 'அண்ணே, இத ஆடியிருந்தீங்கன்னா நான் செத்தேன்' என்றார். டீயை அவரே வாங்கிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் - திங்கள், நீடாமங்கலம் ஸ்டேஷன்

காலையில் ஜெயித்தேன். கடைசி ரவுண்டு டிரா. இடையில் கைப்பேசிப் பெரியவரைத் தேடிப் போய், அந்த மிச்ச ஆட்டத்தை ஆடலாமா என்று கேட்டேன். அவர் ஸ்கோர்ஷீட்டை மடித்துப் பையிலேயே வைத்திருந்தார். ஆடினோம், கணக்கில் சேராமல். அவர் ஜெயித்தார். நியாயம்.

முதல் ரவுண்டுப் பாப்பா வந்து பக்கத்தில் நின்றாள். ரிச்சர்ட் ரெட்டி என்ற ஐரோப்பிய ஆட்டக்காரர் 1921-இல் அமைத்த புதிரை அவளுக்கு வைத்துக் காட்டினேன். மொத்தமே நாலு காய். வெள்ளை ராஜா மூலையில் கிடக்கிறான். கறுப்புச் சிப்பாய் அவன் கையை விட்டு இரண்டு கட்டம் முன்னால் ஓடிவிட்டது. அவனுடைய சொந்தச் சிப்பாயோ எதிரி ராஜாவின் பிடிக்குள், ரொம்ப தூரத்தில். வெள்ளை டிரா செய்ய வேண்டும்.

'முடியாது' என்றாள் உடனே.

ராஜாவை மூலைவாட்டத்தில் ஒவ்வொரு கட்டமாக நடத்தினேன். கறுப்புச் சிப்பாயைத் துரத்துவது போலவும் இருக்கும், தன் சிப்பாய்க்குத் துணை போவது போலவும் இருக்கும். எதிரி ஒன்றைத் தடுத்தால் மற்றது நடந்துவிடும். சதுரங்கத்தில் நேராக நாலு கட்டமும் மூலைவாட்டத்தில் நாலு கட்டமும் ஒரே தூரம். அந்த ஒரு விஷயத்தில்தான் முழுப் புதிரும் நிற்கிறது. அவள் காய்களைத் திரும்ப வைத்தாள். தானே நடத்திப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். 'அம்மா, இங்க வாயேன்!' என்று கத்தினாள். அம்மா டப்பாவை மூடிவிட்டு வந்தார்.

ஒன்பதுக்கு மூன்று புள்ளி. எத்தனை ரேட்டிங் போனது என்று இன்னும் கூட்டவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் அவர்களே போடுவார்கள்.

செம்மொழி எக்ஸ்பிரஸை இங்கே பிடிக்கலாம் என்று பஸ்ஸில் வந்தேன். வலங்கைமானில் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். வெற்றிலைக் கட்டு எதுவும் ஏறவில்லை. இப்போது ரயிலில், சன்னலோரம். மடியில் அந்தச் செட், நேற்று விட்ட நிலையில் அப்படியே. அவருக்காக ஐந்து விதமாக நகர்த்திப் பார்த்துவிட்டேன், நாலில் நான் காலி. ஐந்தாவதில் என் மந்திரி தப்பிக்கிறான். என் ராஜாவும் இன்னும் தாவவில்லையே என்பது இப்போதுதான் உறைத்தது.

கேட் மூடித்தான் இருக்கிறது. சாலையில் பஸ் விளக்குகள் வரிசையாக நிற்கின்றன.